காணாத பலனைத் துறக்க முடியுமா?

கிண்டி தொழிற்பேட்டைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. பேச்சில் அது கிண்டி எஸ்டேட். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் ஏறி 'ஒலிம்பியா' என்கிறார்கள். ஒரு கட்டடத்தின் பெயரே வட்டாரத்துக்கும் ஆகிவிட்டது. நான் வேலை பார்ப்பது இந்த எஸ்டேட்டில், கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில். என் அப்பா லேத் ஓட்டியதும் இங்கேதான், இரண்டு தெரு தள்ளி. இந்த இடம் மாறிய கதை எனக்கு வீட்டுக் கதை. அதை வீட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாதபடி ஒரு கேள்வி என்னைப் பிடித்து வைத்திருக்கிறது: வேலை எப்போது வழிபாடாகிறது? இரும்பும் எண்ணெயும் போய், திரையும் விசைப்பலகையும் வந்த பிறகும் அது வழிபாடாக இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியைத் திரு.வி.க.விடமிருந்து தொடங்குவதே முறை. அவர் பெரியபுராணத்துக்குக் குறிப்புரையும் வசனமும் எழுதிய சைவர். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பி.பி. வாடியா தலைவர், இவர் துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அந்தச் சங்கம் கருக்கொண்ட இடம் ஆலை வாசல் அல்ல, ஒரு பக்திச் சபை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கே பஜனைக்கும் சொற்பொழிவுக்கும் வருவார்கள். புராணம் கேட்க வந்தவர்கள், நேரத்துக்குச் சாப்பிட முடியாததையும், மேஸ்திரியிடம் வாங்கிய அடியையும் அங்கேயே சொல்லத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கு அதைத் தனிப் பேச்சாக ஒதுக்கிவைக்கத் தோன்றவில்லை. பக்தி பேசிய இடத்திலேயே பசியையும் பேசினார்கள்.

அந்தப் பக்தியை நான் பூசி மெழுகிப் பேச விரும்பவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அதே ஆலைத் தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒன்றாக உட்கார்ந்து பஜனை பாடியதால் மட்டும் பக்கத்தில் இருப்பவனின் முகம் தெரிந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. என் கேள்விக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறேன்.

கிண்டி எஸ்டேட் 1958இல் வந்தது. காமராஜர் முதலமைச்சர், தொழில் துறை ஆர். வெங்கட்ராமனிடம். சுமார் 400 ஏக்கரில் சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் அரசே போட்டு, ஷெட்டுகளையும் கட்டி, கையில் தொழில் இருந்து பையில் முதல் இல்லாதவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்த திட்டம் அது. சில ஆண்டுகளில் அம்பத்தூரில் இன்னும் பெரிதாக ஒன்று வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று பெரிய கம்பெனிகள் எழுந்தபோது, அவற்றுக்கு வேண்டிய புஷ்ஷும் பின்னும் வாஷரும் இந்தச் சின்ன ஷெட்டுகளிலிருந்துதான் போயின. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் டர்னராகவும் ஃபிட்டராகவும் சேர்ந்து, கொஞ்ச காலத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தாங்களே முதலாளி ஆனார்கள். அப்பா அப்படி ஆனவர்களில் ஒருவர். மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பள்ளி விடுமுறையில் சோறு கொண்டுபோவது என் வேலை.

அப்பா கடைந்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது பித்தளை புஷ். கட்டைவிரல் பருமன் இருக்கும். உள்விட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கேஜ் வைத்திருப்பார். ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோ-கோ'. முதல் முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அடுத்த முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டும் போனால் துளை பெரிசு, பீஸ் வீண். முதல் முனையே போகாவிட்டால் இன்னும் ஒரு பூச்சு எடுக்கலாம். அப்பா கேஜை நுழைக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். எதிரில் யார் நின்றாலும் சரி, வாடகை கேட்டு வந்தவர் நின்றாலும் சரி. அது உள்ளே போகும் சத்தத்தையும் விரலில் படும் இறுக்கத்தையும் கேட்டபிறகுதான் நிமிர்வார்.

பீஸ் சரியில்லை என்றால் கம்பெனியிலிருந்து சாக்கு மூட்டையில் திரும்பி வரும். மூட்டையின் வாயில் சிவப்புச் சீட்டு கட்டியிருக்கும். ரிஜெக்‌ஷன் வந்த அன்று ஷெட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கேஜ் போட்டு, எந்த லேத், யாருடைய கை என்று பார்த்துவிடுவார்கள். டூல் தேய்ந்திருந்ததா, சக் ஆடியதா என்று காரணமும் பிடிபட்டுவிடும். ஒரு முறை பாடியிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டரே நேரில் வந்து, இந்த புஷ் வண்டியில் எங்கே உட்காருகிறது, இறுக்கம் போனால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அப்பா ரோட்டில் லாரியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது என்று அம்மா சொல்வார். சிக்னலில் நிற்கும் லாரியின் அடியில் குனிந்து பார்ப்பாராம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களை நிறுத்திவிடுவார்கள். மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் வைத்து லேத் பெட்டைத் துடைத்து, ஆண்டு முழுக்க மூலையில் சேர்ந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, வெல்லம். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் வாழையிலையில் வைத்து அவற்றுக்கும் பொட்டு. வெல்டர் பாயும் குளித்துவிட்டுப் புதுச்சட்டையில் வந்து நிற்பார். கும்பிட மாட்டார், பொரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். வெள்ளைப் பூசணியைச் சுற்றி வாசலில் உடைத்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு முறை ஓடவிட்டு நிறுத்துவார்கள். அந்த ஒரு நாள் லேத் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

எஸ்டேட் மாறியது ஒரே நாளில் அல்ல. 1991க்குப் பிறகு பெரிய கார் ஆலைகள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போயின. உதிரிபாகம் செய்கிறவர்களும் பின்னால் போக வேண்டியதாயிற்று. நகரம் வளர்ந்து கிண்டி நடுவூராகிவிட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின், ஒரு சதுர அடிக்கு மென்பொருள் கம்பெனி கொடுக்கும் வாடகையும் லேத் ஷெட் கொடுக்கும் வாடகையும் ஒரே கணக்கில் வராது என்று எல்லாருக்கும் புரிந்தது. ஷெட்டுகள் விழுந்தன, மாடிகள் எழுந்தன. சிலர் திருமுடிவாக்கத்துக்குப் போனார்கள், சிலர் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் அப்பாவின் லேத்களில் சேறு கியர்பாக்ஸ் வரை ஏறியிருந்தது. மூன்றையும் பிரித்து, டீசலில் கழுவி, இரண்டை ஓடவைத்தார். மூன்றாவதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு ஷெட்டைக் காலி செய்தோம். அந்த மனையில் இப்போது வாகன நிறுத்தம்.

அப்பாவின் வாதம் நேரானது. "இரும்பு எதிர்த்து நிக்கும்மா. நீ தப்பா தொட்டா அதுவே சொல்லிடும். அதனாலதான் அதைக் கும்பிட்டோம். உன்னோடது எது எதிர்த்து நிக்குது?" என்பார். மெஷின் போனபோது அந்த இடத்திலிருந்து சாமியும் கிளம்பிவிட்டது என்பது அவர் முடிவு. எங்கள் அலுவலகத்திலும் ஆயுத பூஜை உண்டு என்று சொன்னால் தலையாட்டுவார், ஏற்க மாட்டார். வரவேற்பறையில் மேசை போட்டு மடிக்கணினிகளை அடுக்கிப் பொட்டு வைக்கிறோம். சர்வர் அறையின் கதவுக்கு மாவிலை. புகை உணரும் கருவி கத்திவிடும் என்பதால் கற்பூரத்தைக் கட்டடத்துக்கு வெளியே, வாயிற்காவலர்கள் நிற்கும் இடத்தில் ஏற்றுகிறோம். அதை முழு மனசோடு செய்கிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். குறை அவர்களுடைய பக்தியில் இல்லை.

அப்பாவின் முடிவை நான் ஏற்கவில்லை. சாமி இரும்பில் இருந்தது என்றால், இரும்பு அடித்த ஆலைகளெல்லாம் கோயிலாக இருந்திருக்க வேண்டும். பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலை விட்ட மாமா ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். ஆயுத பூஜைக்கு அவரும் அந்த பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தார்தான். தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல் 1934 டிசம்பரில் பாரிஸில் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போய், அடுத்த ஆண்டு ரெனோ கார் ஆலை வரை உழைத்துப் பார்த்தவர். பிரார்த்தனையின் உயிரே கவனம்தான் என்று பின்னாளில் எழுதிய அவருக்கு, அந்த ஆலைகளில் கிடைத்தது கவனத்தைக் கொல்லும் வேகம். கையில் இருக்கும் துண்டு எங்கே போகிறது, எதில் சேர்கிறது என்று தெரியாமலே நாள் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்த தொழிலாளர்களை அவர் பார்த்தார். அந்தப் பெரம்பூர் ஆலைகள் காக்கித் துணிக்குப் பேர் போனவையாக இருந்தன, அந்தத் துணி ராணுவத்துக்குப் போனது. தறியில் நின்றவருக்கு அதை அணியப்போகிறவன் யார், அவன் யாரை நோக்கித் துப்பாக்கி பிடிப்பான் என்று எப்படித் தெரியும்? ஆகவே மறைவு கணினியோடு வந்ததல்ல. ஆலையிலும் இருந்தது. கணினி அதைப் பன்மடங்காக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் அப்பாவின் ஷெட்டில் வேலையை வழிபாடாக்கியது எது? சாக்கு மூட்டை என்று நான் நினைக்கிறேன். செய்தது திரும்பி வரும், செய்தவனைத் தேடி வரும். அந்த இன்ஸ்பெக்டர் போட்ட படம் அதைவிட முக்கியம்: இதன் மறுமுனையில் ஒரு வண்டி, வண்டியில் ஒரு ஆள். அப்பா கேஜை நுழைக்கும்போது மௌனமானது அந்த ஆளுக்காக என்று சொன்னால் அவர் கூச்சப்படுவார். ஆனால் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் வேறு எதைத் தேடியிருக்க முடியும்?

எங்கள் துறையில் கீதையை அடிக்கடி இழுப்பார்கள். கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. பயிற்சி வகுப்பில் திரையில் போடுவார்கள், பதவி உயர்வு வராதபோது மேலாளர் ஆறுதலாகச் சொல்வார். பலனை விடுவது என்ற அந்தப் போதனையைப் பெரிதாக நம்புகிறவள் நான். நம்புவதால்தான் அது எங்கள் மாடியில் படும் பாடு எனக்கு வலிக்கிறது. எங்கள் வேலை துண்டு துண்டாக, டிக்கெட்டாக வருகிறது. டிக்கெட்டை எழுதியவருக்கு அதன் காரணம் பாதி தெரியும், முடிக்கிறவருக்குக் கால்வாசி, சோதிக்கிறவருக்கு அதுவும் இல்லை. இங்கே பலனை யாரும் துறக்கவில்லை. பலன் எங்கே விழுகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதைத் துறவு என்று சொல்லிக்கொண்டால், அது அந்தப் போதனைக்குச் செய்யும் துரோகம்.

கீதை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். போர் தொடங்க இருக்கிறது. அர்ஜுனன் முதலில் கேட்பது, தேரை இரண்டு சேனைகளுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்து, நான் யாரோடு போரிடப் போகிறேன் என்று பார்க்க வேண்டும் என்பது. கிருஷ்ணன் நிறுத்துகிறான். அர்ஜுனன் பார்க்கிறான். பாட்டனார், ஆசிரியர், மாமன், அண்ணன் தம்பி, கூடப் படித்தவர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். கை நடுங்கி வில் நழுவுகிறது. பலனை விடச் சொல்லும் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. தன் அம்பு எந்த மார்பில் தைக்கும் என்று கண்ணால் பார்த்து உடைந்துபோனவனுக்குச் சொன்ன உபதேசம் அது. முதல் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துச் சுவரில் மாட்டினால், கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடுகிறவனுக்கு அது வசதியான வாசகமாகிவிடும்.

என் அன்றாட வேலையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மென்பொருளில் எங்கள் குழு ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு கோரிக்கையை முழுதாகவோ பாதியாகவோ கொடுக்கவில்லை என்றால், ஏன் என்று சொல்ல ஒரு எண் இருக்கும். உதாரணமாக 29 என்றால் காலக்கெடு கடந்து வந்தது. அந்த எண்ணுக்கு முன்னால் இரண்டெழுத்து வரும். சி.ஓ. என்று வந்தால், ஒப்பந்தப்படி அந்தத் தொகையை மருத்துவமனை தள்ளுபடி செய்ய வேண்டும், நோயாளியிடம் கேட்கக் கூடாது. பி.ஆர். என்று வந்தால் நோயாளி கட்ட வேண்டும். இரண்டே எழுத்து. ஒரு அட்டவணையில் ஒரு வரி.

ஒரு குறிப்பிட்ட வகைக் கோரிக்கைக்கு சி.ஓ.வை எடுத்து பி.ஆர். போடச் சொல்லி டிக்கெட் வந்தது. அரை மணி நேர வேலை. காலைக் கூட்டத்தில் நான் கேட்டேன்: "இதை மாத்தினா பணம் யார் கட்டுவாங்க?" எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் தரப்புக்குக் கேள்வி எழுதினேன். எதற்கு இந்தக் கேள்வி என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. கெடு அன்று மாலை. இரண்டு நாள் கழித்துப் பொறுமையாகப் பதில் வந்தது. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமே இல்லாத மருத்துவரிடம் போனவர்கள், தாங்களே நேராக அனுப்பும் கோரிக்கைகள் அவை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒப்பந்தத் தள்ளுபடி எப்படி வரும்? பழைய குறியீடுதான் தவறு, புதியதுதான் சரி. நான் மாற்றினேன்.

கேட்டதால் எதுவும் மாறவில்லையே என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். மாறவில்லைதான். அர்ஜுனனும் பார்த்து, உடைந்து, கேட்டு, கடைசியில் அதே போரைத்தான் செய்தான். பார்ப்பது வேலையை நிறுத்துவதற்காக அல்ல. ஆனால் அந்த வரியை மாற்றும்போது, எங்கோ ஒரு வீட்டில் கடிதத்தைப் பிரித்து இந்தத் தொகையை நானா கட்ட வேண்டும் என்று உட்காரப்போகும் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் அடுத்த கேள்வி தானாக வந்தது: அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்? அது வேறு குழுவின் வேலை, வேறு ஊர். மாதிரியைக் கேட்டு வாங்கினேன். மேல்முறையீடு செய்யலாம் என்பது இருந்தது. ஏன் மறுத்தோம் என்ற இடத்தில் குறியீட்டின் விளக்க வாசகம் மட்டும், சட்டக்காரர்களுக்குப் புரிகிற நடையில். படிக்கிறவருக்குப் புரிகிற ஒரு வரி சேர்க்கலாம் என்று எழுதிப்போட்டிருக்கிறேன். அது வரிசையில் இருக்கிறது. பலன் எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. என் பெயர் அதில் எங்கும் வராது. இப்போதுதான் அந்தப் பலனை விடும் தகுதி எனக்குக் கொஞ்சம் வந்திருக்கிறது.

திரு.வி.க. உரை எழுதிய பெரியபுராணம் உழைப்பாளிகளால் நிறைந்தது. குயவர் திருநீலகண்டர், நெசவாளர் நேசர், மீனவர் அதிபத்தர். என் கேள்விக்கு மிக அருகில் நிற்பவர் காஞ்சிபுரத்தின் சலவைத் தொழிலாளி, திருக்குறிப்புத் தொண்டர். குளிர்காலம். மெலிந்த அடியவர் ஒருவர் அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். தோய்த்துத் தருகிறேன் என்கிறார் தொண்டர். இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, பொழுது சாயுமுன் தராவிட்டால் குளிர் தாங்காது என்கிறார் வந்தவர். சரியென்று வாங்கித் தோய்க்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. விடவில்லை. பொழுது சாய்கிறது, துணி காயவில்லை. அந்த அடியவர் குளிரில் நடுங்குவாரே என்ற நினைப்பில் துவைக்கும் கல்லில் தலையை மோதப் போகிறார் தொண்டர். கல்லிலிருந்து ஏகாம்பரநாதரின் கை நீண்டு பிடித்துக்கொள்கிறது.

இதைச் சின்ன வயதில் அதிசயக் கதையாகக் கேட்டேன். இப்போது படிக்கும்போது கை நீண்டதைவிட, அதற்கு முந்தின நேரம்தான் என்னை நிறுத்துகிறது. மழை அவர் தவறல்ல. வேலையைச் சுத்தமாகவே செய்திருக்கிறார். என் கடமை முடிந்தது, காய்வது என் கையில் இல்லை என்று சொல்லிப் போயிருக்கலாம். எங்கள் மாடியில் அப்படிச் சொல்லித்தான் நாள்தோறும் டிக்கெட் மூடுகிறோம். அவரால் அது முடியவில்லை, ஏனென்றால் குளிரில் நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியும். இறைவன் வந்து பிடித்தது துவைக்கும் கல்லின் புனிதத்துக்காக அல்ல, அந்த அறிவுக்காக என்றே நான் வாசிக்கிறேன். தலையை மோதிக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தடுக்க வந்த கை எனக்கும் பிடித்த கை.

புளியந்தோப்புக்கு இங்கே திரும்ப வேண்டும். ஒரே ஆலையில், ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்கள், தங்கள் பக்கத்துத் தறியில் நிற்பவனின் அடுப்பு எரிகிறதா என்று தெரியாமலே ஒற்றுமை பேசினார்கள். வேலையை இழந்தால் அந்த மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது, ஊர்த் தெருவில் அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டிருந்தால் அந்தப் பிளவு அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்று நம்புகிறேன். முகத்தைக் காணாத பக்தி ஆலையிலும் தோற்றது. கண்ணாடி மாடியில் அது ஜெயிக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு கடினமான தடை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எங்களுக்கு வரும் தரவுகளில் நோயாளியின் பெயர், பிறந்த நாள், முகவரி எதுவும் இருக்காது, மறைத்துத்தான் தருவார்கள். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம் அதைக் கேட்கிறது, கேட்பது சரியும்கூட. ஒருவருடைய நோயைக் கிண்டியில் உட்கார்ந்திருக்கும் நான் தெரிந்துகொள்ள எந்த உரிமையும் இல்லை. ஆக, நான் பார்க்க வேண்டிய முகத்தை நான் பார்க்கக் கூடாது. அர்ஜுனனுக்குத் தேரை நடுவில் நிறுத்த முடிந்தது. தொண்டருக்குக் கந்தையைக் கொடுத்தவர் எதிரிலேயே நின்றார். எனக்கு அந்த வழி இல்லை, அந்த வழியை நான் கேட்கவும் கூடாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது, அவர் சாமியைப் பற்றிப் பேசவில்லை. "அப்போ உனக்கு ரிஜெக்‌ஷன் மூட்டை எப்படிம்மா திரும்பி வரும்?" என்று கேட்டார். இத்தனை நாள் நான் புத்தகங்களில் தேடியதைவிட அந்தக் கேள்வி தெளிவாக இருந்தது. முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். செய்தது திரும்பி வந்தால் போதும். அவருடைய ஷெட்டிலும் புஷ்ஷைப் பொருத்திய லாரியின் ஓட்டுநர் யாரென்று யாருக்கும் தெரியாது. மூட்டை மட்டும் வந்தது.

எங்கள் வேலையிலும் அப்படி ஒரு மூட்டை எங்கோ இருக்கிறது. மறுத்த கோரிக்கைகளில் எத்தனை பேர் மேல்முறையீடு செய்தார்கள், அதில் எத்தனை முடிவுகளைத் திருத்தினார்கள், எந்தக் குறியீட்டில் திருத்தம் அதிகம் என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். அந்த அறிக்கை வாடிக்கையாளர் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது, ஏழாவது மாடிக்கு வருவதில்லை. பெயர்களை எடுத்துவிட்டு, குறியீடு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் குழுவுக்கும் அனுப்புங்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள் இருவர் அந்தக் கடிதத்தில் தாங்களாகவே கையெழுத்துப் போட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வந்தால் நான் முதலில் தேடப்போவது நான் மாற்றிய அந்த இரண்டெழுத்து வரியை.